சிங்கம் காலான கதை

சிங்கமும் நாலில் ஒரு பங்கும் ஒன்றே என்று என்னால் நிறுவ முடியும். சிங்கத்துக்கு அரி என்று பெயர். அரி என்றால் திருமால். திருமாலை மால் என்றும் சொல்வோம். மால் மேகத்துக்கும் பெயர். மேகம்தான் கொண்டல். கொண்டல் என்பது கிழக்கிலிருந்து வீசும் காற்றும்கூட. காற்றுக்குக் கால் என்று பெயருண்டு. கால் என்றால் நாலில் ஒரு பங்கு. தமிழ் எண்களில் அதன் குறி ‘வ’. ஆக, இன்னும் ஓர் அடி வைத்தால் சிங்கம் ஒற்றை எழுத்தாகிவிடும்.

கடைசி அடி என் குறும்பல்ல. கம்பரைச் சாடி ஔவை பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடல், எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’ என்று வைத்து, எண்ணைச் சொல்லியே ‘அவலட்சணம்’ என்று திட்டிவிடுகிறது.

மின்சாரம் போன இரவுகளில் வீட்டுப் பிள்ளைகளோடு இப்படிச் சொல் மாற்றி விளையாடுவோம். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லச் சூடாமணி நிகண்டு இருக்கிறது. மண்டலபுருடர் இயற்றிய அந்நூலின் 12 தொகுதிகளில் 11ஆவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அடுக்குகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே தொல்காப்பியர் திரிசொல்லை இரண்டாகப் பிரித்துவிட்டார்: ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல்.

விளையாட்டின் சூட்சுமமும் அங்கேதான். ஓர் அடியில் பொருள் நிற்கும், பெயர் மாறும். அடுத்த அடியில் பெயர் நிற்கும், பொருள் மாறும். ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒன்று அசையாமல் நிற்பதால் நாமும் நிற்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஓர் அடியையும் பொய்யென்று தள்ள முடியாது. சேர்ந்த இடம் மட்டும் பொய்.

ஒரே பொருள் என்று நாம் சொல்லும் சொற்களும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துவதில்லை. விருந்தாளியிடம் ‘இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?’ என்று உபசரிப்பவரே, வேலைக்குப் போகாத மகனைத் ‘தண்டச்சோறு’ என்கிறார். ‘தண்டச்சாதம்’ என்று யாரும் திட்டிக் கேட்டதில்லை. பானை ஒன்றுதான், சொல்லில் ஏறியிருக்கும் மரியாதை வேறு.

விளையாட வேண்டும் என்று நினைக்காமலே நாள் முழுதும் இதை விளையாடுகிறோம். கைமாற்றுக் கேட்டவரிடம் ‘பார்க்கிறேன்’ என்கிறோம். பார்ப்பதென்றால் யோசிப்பது, யோசிப்பதென்றால் முயல்வது, முயல்வதென்றால் தருவது என்று அவர் ஏறிப்போகிறார். பார்ப்பதென்றால் தள்ளிப்போடுவது, தள்ளிப்போடுவதென்றால் மறந்துவிடுவது என்று நாம் இறங்கிப்போகிறோம். மாதக் கடைசியில் சந்திக்கும்போது அவர் கேட்கிறார்: ‘நீங்கதானே பார்க்கிறேன்னு சொன்னீங்க?’ நாமும் அதையே சொல்கிறோம்: ‘ஆமாம், பார்க்கிறேன்னுதானே சொன்னேன்?’

இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சண்டை தீருவதில்லை.