கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும் உப்புச் சதுப்பு... வீட்டுத் தோட்டத்துக்கு வந்த 'கடல் லாவெண்டர்'!

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பகுதியின் வடக்குக் கரையில் ஸ்டிஃப்கீ என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள், குறுகலான தெரு, ஒரு பழைய தேவாலயம். கடலைப் பார்க்கலாம் என்று கிராமத்தைத் தாண்டி நடப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். கடல் எங்கோ தொலைவில் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். அதற்கும் கரைக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய வரை சேறும் புல்லும் ஓடைகளுமாக உப்புச் சதுப்பு.

ஜூலை கடைசியில் போனால் ஏமாற்றம் வேறு மாதிரி மாறும். அந்தச் சதுப்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறம்! யாரோ ஒரு பெரிய சேலையைத் துவைத்துக் காயப்போட்டதுபோல, மேடு பள்ளம் பார்க்காமல் விரிந்து கிடக்கும். ஆகஸ்ட் பாதிவரை இந்தக் காட்சி நீடிக்கும். பூவின் பெயர் 'சீ லாவெண்டர்'. நம் மொழியில் சொன்னால், கடல் லாவெண்டர்.

பெயரைக் கேட்டு யாரும் மூக்கை அருகே கொண்டுபோக வேண்டாம். இதற்கு லாவெண்டரின் மணம் கிடையாது. இதே கரையின் மேற்குப் பக்கம் ஹீச்சம் என்ற ஊரில், 1930-களில் தொடங்கிய புகழ்பெற்ற லாவெண்டர் தோட்டம் இருக்கிறது. அது துளசி, புதினா குடும்பத்துச் செடி. இதுவோ முற்றிலும் வேறு குடும்பம். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று யாரோ வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. தாவரவியல் பெயர் லிமோனியம். புல்வெளி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

உண்மையில் இதன் சொந்தக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் பேர்பெற்ற கொடிவேலியும், வீட்டு வேலிகளில் வெளிர்நீலமாகப் பூக்கும் பிளம்பாகோவும் இந்தக் குடும்பம்தான்.

உப்பில் எப்படி வாழ்கிறது? பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் உயரும்போது கடல்நீர் ஓடைகள் வழியே ஏறி வந்து சதுப்பை மூடும். சாதாரணச் செடியென்றால் ஒரே முறையில் கருகிவிடும். கடல் லாவெண்டரின் இலைகளில் நுண்ணிய உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. வேர் வழியே ஏறும் உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் நாளில் இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே வித்தைதான்.

கூடவே வளரும் செடிகளிலும் நமக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. நம் உப்பளங்களின் ஓரம் வளரும் உமரியின் நெருங்கிய உறவான சேம்ஃபயர் இங்கே கோடையில் விற்பனைக்கு வரும். லேசாக வேகவைத்து, வெண்ணெய் போட்டு, மீனுடன் சாப்பிடுவார்கள். தனியாக உப்பு போட வேண்டியதில்லை என்பது சொல்லாமலே புரியும். ஸ்டிஃப்கீ மணல் திட்டுகளில் கிடைக்கும் நீலம் கலந்த ஓடுள்ள மட்டிக்கு 'ஸ்டூக்கி ப்ளூஸ்' என்றே பெயர். ஊர்ப் பெயரைப் பழைய ஆட்கள் உச்சரித்த விதம் அந்த மட்டியின் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. செடிகளுக்கு நடுவே பவளக்காலிப் பறவைகள் கூடு கட்டும். கோடியக்கரையில் குளிர்காலத்தில் பார்க்கிறோமே, அதே இனம்.

தோட்டத்துக்குப் போன உறவுக்காரச் செடி

இவ்வளவு அழகைப் பார்த்துவிட்டு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போகலாமா என்று கை துறுதுறுக்கும். கூடாது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது பிரிட்டனில் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடுங்கினாலும் பிழைக்காது என்பது வேறு விஷயம். இதன் வேர் கட்டைபோலத் தடித்து ஆழமாக இறங்கும். அதை அறுத்துவிட்டால் செடி மறுபடி தலையெடுப்பது கடினம்.

தோட்டக்காரர்கள் வளர்ப்பது வேறு ஓர் இனம். நர்சரிகளில் 'லிமோனியம் பிளாட்டிஃபில்லம்' என்ற பெயரில் கிடைக்கும். பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், தென் ரஷ்யாவின் வறண்ட புல்வெளிகள்தான் அதன் பிறப்பிடம். அகலமான, தோல்போன்ற இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரியும். நடுவிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கம்பிபோலக் காம்புகள் எழுந்து, நூறு கிளைகளாகப் பிரிந்து, பொடிப் பொடியாகப் பூக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் செடிக்கு மேலே ஊதா நிறப் புகை நிற்பதுபோல இருக்கும். அடர்நிறம் வேண்டும் என்பவர்கள் 'வயலெட்டா' ரகத்தைத் தேடி வாங்குகிறார்கள்.

உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதுதான் புதிதாக வளர்ப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம். வேண்டவே வேண்டாம். உப்பை இந்தச் செடி பொறுத்துக்கொள்கிறதே தவிர, அதற்காக ஏங்குவதில்லை. நல்ல மண்ணில் மற்ற செடிகள் முந்திக்கொண்டு வளர்ந்து இதை நெருக்கிவிடும். உப்பு நிலத்தில் போட்டி குறைவு. அங்கே இது ராஜாங்கம் நடத்துகிறது. வீட்டுத் தோட்டத்தில் பக்கத்துச் செடிகள் மேலே சாயாமல் ஒன்றரை அடி இடம் விட்டுக் கொடுத்தால் போதும்.

இதற்கு உண்மையான எதிரி தேங்கும் தண்ணீர். குளிர்காலத்தில் மண் சொதசொதவென்று இருந்தால் கழுத்துப் பகுதி அழுகி, வசந்தத்தில் இலையே வராது. களிமண் தோட்டமாக இருந்தால் சரளைக்கல்லும் மணலும் கலந்து, மண்ணைச் சற்றே மேடாக்கி நடுகிறார்கள். இந்த விஷயத்தில் பலருக்கும் தைரியம் கொடுத்தது எஸ்ஸெக்ஸில் உள்ள ஒரு தோட்டம். பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990-களின் தொடக்கத்தில், கார்கள் நிறுத்திக்கொண்டிருந்த ஒரு சரளை மைதானத்தைத் தோட்டமாக்கினார். பிரிட்டனில் மழை மிகக் குறைந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. நட்ட செடிகள் வேர்பிடித்த பிறகு தண்ணீரே ஊற்றுவதில்லை என்று முடிவெடுத்தார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. வறட்சியைத் தாங்கும் செடிகளை நம்பலாம் என்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்களை நம்பவைத்த இடம் அது.

கடல் லாவெண்டருக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம்தான். முதல் கோடையில் மட்டும் மண் காய்ந்தால் தண்ணீர். பிறகு நீண்ட வறட்சி வந்தாலொழிய வேண்டாம். உரம் அதிகமானால் இலை தளதளவென்று வரும். பூக்காம்பு நிற்க முடியாமல் சாயும். நாள் முழுக்க வெயில் வேண்டும். காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் இலையில் சாம்பல் நோய் பூக்கும். விதை போட்டு வளர்ப்பவர்கள் வசந்தத் தொடக்கத்தில் நாற்று ட்ரேயில் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, வெளிச்சமான இடத்தில் வைக்கிறார்கள். முளைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பொறுமைதான் தேவை. முதல் வருஷம் வெறும் இலைதான். இரண்டாம் வருஷம் ஒன்றிரண்டு காம்பு எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் வருஷத்தில்தான் அந்த ஊதாப் புகை.

இடையில் 'இங்கே சரியில்லை, அங்கே மாற்றலாம்' என்று தோண்டினால் கதை முதலிலிருந்து ஆரம்பம். எங்கே நடப்பது என்று ஒரு வாரம் யோசித்தாலும் தவறில்லை. நட்ட பிறகு யோசிக்கக் கூடாது.

பொறுத்தவர்களுக்குப் பலன் உண்டு. பெரும்பாலான மொட்டுகள் விரிந்ததும், காலைப் பனி உலர்ந்த பிறகு காம்புகளை வெட்டி, சின்னச் சின்னக் கட்டுகளாக, வெயில் படாத அறையில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் இதழ் சுருங்கிப் போனாலும், காகிதம்போன்ற வெளிப்பகுதி அப்படியே நிற்கும். குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில்லாத ஜாடியில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் பொக்கேக்களில் ரோஜாவைச் சுற்றி ஊதா, மஞ்சள், வெள்ளை நிறங்களில் சரசரவென்று ஒரு பூ வருமே, அது இதன் இன்னோர் உறவு. மத்தியத்தரைக் கடலோரத்தைச் சேர்ந்த ஸ்டாட்டிஸ். வளர்த்துப் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டு வாசகர்கள் அதில் தொடங்குவதே நல்லது. ஒரே பருவத்தில் பூத்துவிடும். ஊட்டி, கொடைக்கானல்போன்ற குளிர்ந்த, மழை ஓய்ந்த நாள்களே அதற்கு ஏற்றவை. சென்னையின் மே மாதத்தில் முயல்வது செடிக்குச் செய்யும் பாவம்.

கடலுக்கும் சுவருக்கும் நடுவே

ஸ்டிஃப்கீ சதுப்பு வெறும் அழகுக் காட்சி அல்ல. 1990-களில் ஆய்வாளர்கள் இங்கே அலைகளை அளந்து பார்த்தார்கள். செடிகள் இல்லாத மணல் பரப்பைக் கடக்கும்போது அலையின் ஆற்றல் சராசரியாக 29 சதவிகிதம் குறைந்தது. சதுப்பைக் கடக்கும்போது 82 சதவிகிதம். ஊருக்கு முன்னால் கடல் லாவெண்டரும் அதன் கூட்டாளிகளும் படுத்துக்கிடப்பது, அலைக்கு ஒரு மெத்தை போட்டதுபோல.

மெத்தையின் அருமை இந்தக் கரைக்குத் தெரியும். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியதில் இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கிழக்குக் கரையில் பல இடங்களில் கடல் தடுப்புகளை உயர்த்திக் கட்டினார்கள். அதில் ஒரு சிக்கல். கடல் மட்டம் உயரும்போது சதுப்பு இயல்பாகக் கரைப்பக்கம் நகர வேண்டும். பின்னால் சுவர் இருந்தால் நகர இடமில்லை. முன்னால் அலை அரிக்கிறது, பின்னால் சுவர் தடுக்கிறது. நடுவில் சதுப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது.

அதனால்தான் சில இடங்களில் மனிதர்களே சுவரை உடைக்கத் தொடங்கினார்கள். எஸ்ஸெக்ஸின் டோல்ஸ்பரியில் 1995-ல், லிங்கன்ஷயரின் ஃபிரீஸ்டன் ஷோரில் 2002-ல், விளைநிலமாக இருந்த பகுதிக்குள் கடலை வேண்டுமென்றே விட்டார்கள். எஸ்ஸெக்ஸில் வாலசீ தீவு இன்னும் பெரிய கதை. லண்டன் ரயில் சுரங்கங்களைத் தோண்டியபோது வெளிவந்த மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் கப்பலில் கொண்டுபோய்க் கொட்டி, நிலத்தை மேடாக்கி, 2015-ல் கடலை உள்ளே விட்டார்கள்.

கடல் வந்தது, சேறு படிந்தது, ஓரிரு வருஷத்தில் உமரி வகைகள் முளைத்தன. பறவைகளும் வந்தன. இப்படி உருவான புதுச் சதுப்புகளைப் பழையவற்றுடன் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் கவனித்த குறை ஒன்றுதான்: கடல் லாவெண்டர்போன்ற, நிதானமாக வளர்ந்து பல வருஷம் வாழும் செடிகள் அங்கே மிகக் குறைவு. வருஷக்கணக்கில் உழுது இறுகிய நிலம் அது. ஓடைகள் இன்னும் சரியாக அறுத்துக்கொண்டு ஓடவில்லை. வற்றம் வந்த பிறகும் நீர் வடிவதில்லை. மண்ணுக்குள் காற்றில்லை. வீட்டுக் களிமண் தோட்டத்தில் எந்தக் காரணத்தால் கழுத்து அழுகுகிறதோ, கிட்டத்தட்ட அதே காரணம்தான் அங்கேயும்.

விதை வந்து சேர்வதும் எளிதல்ல. சதுப்பின் கடல் லாவெண்டரில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையில் விழுந்தால்தான் சரியாக விதை பிடிக்கும். தனியாக ஒரு செடி எங்கோ போய் வேர்விட்டாலும், ஜோடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய சதுப்புகளை அப்படியே காப்பாற்றுவதன் முக்கியத்துவம் இங்கேதான் தெரிகிறது. பக்கத்தில் உள்ள பிளேக்னி பாயின்ட் 1912-லேயே நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. லண்டன் பேராசிரியர் எஃப்.டபிள்யூ.ஆலிவரும் அவர் மாணவர்களும் முகாமிட்டுச் செடிகளை ஆராய்ந்த இடம் அது. மத்தியத்தரைக் கடல் பகுதியில் பரவலாக இருந்து, பிரிட்டனில் அநேகமாக இந்த வட நார்ஃபோக் கரையில் மட்டும் எஞ்சியிருக்கும் குட்டை ரகக் கடல் லாவெண்டர் ஒன்றும் இந்தச் சதுப்புகளில்தான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து கிங்ஸ் லின் வரை நேரடி ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து கரையோரமாகவே பேருந்துகள் வெல்ஸ் பக்கம் போகின்றன. 84 மைல் நீளமுள்ள நார்ஃபோக் கரையோர நடைபாதை சதுப்பின் விளிம்பை ஒட்டியே செல்வதால், பூவைப் பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. மிதிபட்ட இடத்தில் செடி மீள வெகுகாலம் ஆகும். ஆபத்தும் உண்டு. ஓதம் ஏறும்போது தண்ணீர் கடல் பக்கமிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. முதலில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓடைகள் நிறையும். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது. கிளம்பும் முன் அன்றைய ஓத நேரத்தை போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.