காடியும் அரமும்

ஜோன் பிறவுணிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியை ஐக்கிய அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் நிறுவனத்தோடு, தட்டச்சுப்பொறி செய்துவந்த றெமிங்ரன் றான்ட் நிறுவனமும் அதனைச் செய்தது. ஒன்றின் உறுப்பு மற்றதிற் பொருந்தவேண்டும் என்பது இராணுவத்தின் நிபந்தனை.

இன்று அதே துப்பாக்கியைப் பலர் செய்கின்றனர். பொது அளவுதான் இல்லை. குறிபார்க்கும் உறுப்பைத் தாங்குவது, அடி அகன்று மேல் ஒடுங்கிய புறாவால் வடிவக் காடி. அதன் சாய்வு ஒருவரிடம் 60 பாகை. மற்றொருவரிடம் 65 பாகை. அகலமும் ஆழமுங்கூட வேறுபடும். ஆதலாற் புதிய குறியை வாங்கியவர் கம்மியரை நாடுகிறார்.

தேர்ந்த கம்மியர் காடியில் எளிதிற் கைவைப்பதில்லை. குறியின் அடிப்பாகத்தையே சிறிது சிறிதாக அராவுகிறார். மை பூசிச் செருகிப் பார்க்கிறார். மை அழிந்த இடத்தை மீண்டும் அராவுகிறார். குறி பழுதானால் வேறொன்று வாங்கலாம்; அகன்றுவிட்ட காடியோ பழைய நிலைக்கு மீளாது.

பொது அளவு என்பது மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. உற்பத்தியாளர் அதனைக் கைவிட்டபோது, அந்த வேலை கம்மியரின் கைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குறியோடும் அவர் செலவிடும் மணித்தியாலங்களே அவ்வுடன்பாட்டின் பெறுமதியைக் காட்டுகின்றன.