புகார்க் கரையில் ஒரு பாடபேதம்

பூம்புகார் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், தமிழ் பயில்வார் உள்ளத்தில் எழுவன மரக்கலங்களும் பண்டசாலைகளும் மறைந்துபோன பெருவீதிகளுமே. சென்ற பங்குனியில் விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவருடன் அங்குச் சென்றபொழுது யானும் அவற்றையே எண்ணிச் சென்றேன். ஆயின் அன்று எனக்குப் பாடம் கற்பித்தவை, காவிரி கடலொடு கலக்கும் இடத்தில், நீர் வற்றிய மணற்றிட்டின்மேல் ஓடியும் நின்றும் இரை தேடிய சின்னஞ்சிறு பறவைகளே.

நண்பர் தம் தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் என் கையிற் கொடுத்து, "இவற்றை நீர் எண்ணும், அப்பால் உள்ளவற்றை யான் பார்த்து வருகிறேன்" என்றார். மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, மார்பின் இருமருங்கும் சிறிய கரும்பட்டை. நூலிற் கண்ட படத்தோடு ஒத்திருந்தமையால், 'கெண்டிஷ் உப்புக்கொத்தி, 41' என்று தயங்காது எழுதினேன். திரும்பிவந்த நண்பர் அவ்வரியைப் படித்து, "இவற்றுள் ஒன்றேனும் அனுமன் உப்புக்கொத்தி அன்று என்பதை எவ்வாறு கண்டீர்?" என வினவினார். அப்படி ஒரு பறவை உண்டென்பதையே யான் அறியேன்.

அவர் கூறிய வரலாறு இது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுதும் வாழும் ஓர் உப்புக்கொத்திக்கு, ஹார்ட்டெர்ட், ஜாக்சன் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டில் தனிப்பெயர் இட்டனர். எனினும், அது கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. இலங்கை அறிஞர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் அதன் உடலளவையும் மரபணுவையும் ஆய்ந்து, அது வேறோர் இனமே என்று 2023-இல் வெளியிட்டனர். இராமகாதை கூறும் அணைக்கு இருபுறத்தும் உள்ள நிலங்களில் வாழ்வது பற்றி, அதற்கு அனுமன் பெயர் வழங்கலாயிற்று. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதனோடு ஒரே கரையில் மேயும். அனுமன் சற்றே சிறியது. ஆணின் உச்சந்தலையில் செம்மை குறைவு. அலகுக்கும் கண்ணுக்கும் இடையே பெரும்பாலும் வெண்மை மிகுந்திருக்கும்.

இளவேனில் இத்தகைய ஐயங்களைச் சில இடத்துத் தீர்க்கும். சில இடத்துப் பெருக்கும். வளைமூக்கு உள்ளான், வடதுருவத்தை அடுத்த சைபீரியாவுக்குத் திரும்புங்காலத்தில் செங்கல் நிறம் பூணும். அக்கோலம் நிரம்பியபின் அதனைக் குழந்தையும் இனங்காணும். பங்குனியிலோ, பாதி பழைய இறகும் பாதி புதிய இறகுமாய் நிற்பனவே பல. உப்புக்கொத்திகளிற் பெண் மங்கிய நிறத்தனவாகவே இருக்கும். இக்கரைக்கு வரும் பறவைகளுள், முதலாண்டு நிரம்பாத இளையன பல, நிறமும் மாறாமல் வடக்கேயும் செல்லாமல் கோடை முழுதும் இங்கேயே தங்கிவிடுதலும் உண்டு.

அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் உரையாடலைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, சித்திரை கழிந்து வந்து பாருங்கள், போகிறதெல்லாம் போய்விடும். வேதாரணியத்து உப்பளத்துப் பக்கம் வெறுந்தரையிலே முட்டையிட்டுக் கிடக்குமே, அதுதான் நம்ம ஊர்க் குருவி" என்றார். நண்பர் மகிழ்ந்து, "ஐயா கூறியதே சிறந்த அடையாளம். தங்கியது கொண்டு துணியலாகாது, முட்டையிட்டது கொண்டு துணியலாம்" என்றார்.

அப்பொழுது எனக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒரே வடிவின. எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தி எழுதும் வழக்கமும் இல்லை. அத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே உ. வே. சாமிநாதையர், புகாரில் தொடங்கும் சிலப்பதிகாரத்தை 1892-இல் பதிப்பித்தார். ஐயத்துக்குரிய எழுத்தை, முன்னும் பின்னும் நின்ற சொற்களும் பிற ஏடுகளுமே விளக்கின. பறவைக்கும் அஃதே முறை. நிறம் ஒன்றையே நம்பாது, அளவு, அலகு, பருவம், இடம், ஒழுக்கம் ஆகிய யாவற்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும். யானோ ஒரே ஏட்டைப் புரட்டி உரை கண்டவனாயினேன்!

ஒரு சிறு பறவையின் பெயர் பிழைத்தால் யாது கேடு என்று கேட்கலாம். வடக்கேயிருந்து வரும் கூட்டத்தையும் இங்கேயே பிறந்து மடியும் இனத்தையும் ஒரே பெயரால் எண்ணினால், இவ்வூர்ப் பறவை நாளுக்குநாள் அருகினும் நம் கணக்கு அதனைக் காட்டாது. வெறுந்தரையில் முட்டையிடும் அதற்கு, நாயும் காகமும் நம் காலடியும் பகை. அது மறையுங்கால், குறைவில்லை என்று என் ஏடு சொல்லிக்கொண்டிருக்கும். பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கற்பனையைச் சிறுவயதிலேயே மனனம் செய்தேன். வஞ்சத்தாற் கூறுவது மட்டுமன்று, தெளியாததைத் தெளிந்ததாக எழுதுவதும் அதன்பாற்படும் என்பதை அன்றே உணர்ந்தேன்.

வெயில் சாயுமளவும் இருவரும் மணலில் அமர்ந்து ஒவ்வொன்றாக மீண்டும் நோக்கினோம். பின்பு யான் முன்னெழுதிய வரியை அடித்து, அதன்கீழ் எழுதினேன்: 'கெண்டிஷ் உப்புக்கொத்தி, 6. அனுமன் உப்புக்கொத்தி, 3. துணிய இயலாதவை, 32.' அம்மூன்றனுள் இறுதியானதை எழுதியபொழுதே என் உள்ளம் அமைதியுற்றது.