புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே மேசை



ஆடு புலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. ஆனாலும் ஆடுகள் சேர்ந்து வழியை அடைத்தால் புலி அசைய முடியாமல் தோற்றுவிடும். புலியின் பல்லை யாரும் பிடுங்கவில்லை. எண்ணிக்கையில்தான் நியாயம் வைத்தார்கள்.

விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை எங்கட பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கினம். 1974இல் அமெரிக்காவில் வந்தது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 20 முகக் கட்டையை உருட்டி, ஒன்றாக ஆபத்தைக் கடக்கவேண்டும். பின்னேர வகுப்பு முடிய நடக்கும்.

அதில் பெரிய பெடியன் ஒருவன் மாட்டுத்தலை அரக்கனான மினோட்டோரை எடுத்தான். எல்லாச் சண்டையையும் அவனே முடித்தான். மூன்றாம் நாள் சின்னவர்கள் இரண்டு பேர் வரவில்லை. கேட்டோம். "எங்களுக்கு அங்க வேலை இல்லை, டீச்சர்" என்றார்கள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

அரக்கனைத் தடை செய்யச் சிலர் சொன்னார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இதே தலையிடி இருந்தது. 2003இல் வந்த திருத்திய விதிகளில், பயிற்சி ஏதும் இல்லாத மினோட்டோரே 8ஆம் படியில் நிற்கும் மனிதனுக்குச் சமம். கணக்குச் சரி, ஆனால் அப்படி வருபவன் பலமாக அடிப்பான், அடி தாங்கும் புள்ளி அவனுக்குக் குறைவு. 2014 விதிகளில் நிலத்தடி எல்ஃபுக்கு வெயிலில் குறி தவறும். கதை முழுக்கக் குகைக்குள்ளே நடந்தால் அந்தக் குறை குறையே இல்லை.

ஆடும் புலியும் எதிராளிகள். இந்த மேசையில் எல்லாரும் ஒரே கூட்டம். ஆகவே பலத்தைச் சமன் செய்வதைவிட, ஒவ்வொருவருக்கும் அவரால் மட்டும் ஆகும் ஒரு வேலை இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். அரக்கன் இருக்கட்டும். ஆனால் அவன் உடம்பு நுழையாத பொந்து ஒன்று கதையில் வரும். சின்னவன்தான் போய்த் திறப்பை எடுக்கவேண்டும். கொம்பைக் கண்டு ஊர்க்காரர் கதவைப் பூட்டுவார்கள்; பேசித் திறக்க வைப்பது இன்னொருத்தியின் வேலை. கதை சொல்லும் பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

வராமல் நின்ற இருவரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். மற்றவருக்காகக் காத்திருக்கிறோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "வென்றியா?" என்று கேட்காமல், "இண்டைக்கு உன்ர முறையில என்ன செய்தாய்?" என்று கேளுங்கோ. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எங்களுக்கு அறிவியுங்கோ. இன்ஷா அல்லாஹ், அடுத்த கதையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கும்.