நடவாத சண்டை



முகமது அலியும் மைக் டைசனும் ஒருநாளும் ஒருவரோடொருவர் மோதியதில்லை. மோதியிருக்கவும் முடியாது. அலி பிறந்தது 1942இல். டைசன் பிறந்தது 1966இல். 1981 டிசம்பரில் அலி தம் கடைசிச் சண்டையை ஆடி முடித்தபோது டைசன் 15 வயதுச் சிறுவன். ஆனாலும் இருவரும் தத்தம் நல்ல பருவத்தில் எதிரெதிரே நின்றிருந்தால் வெற்றி யாருக்கு என்ற வழக்கு உலகமெங்கும் ஓய்ந்தபாடில்லை. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் கதையாக்கிய 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வெளிவந்த பின்பு அந்த வழக்கு எங்கள் பாப்பாரப்பட்டிக்கும் வந்து சேர்ந்தது. ஞாயிறு மாலை வாலிபர் கூடுகை முடிந்ததும் சபையின் தாழ்வாரத்தில் அது தொடங்கிவிடும். விளக்கை அணைத்தால்தான் கலைவார்கள்.

போதகருக்குக் குத்துச்சண்டையில் என்ன அக்கறை என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் தம் ஊழியத்தை ஓட்டப்பந்தயத்துக்கும் முட்டிச் சண்டைக்கும் ஒப்பிட்டார் என்பதை அவர்களுக்கு நினைப்பூட்டுவேன். அந்த இடத்தை மொழிபெயர்த்த நம் முன்னோர் சிலம்பம் என்ற சொல்லை எடுத்தாண்டிருப்பது எனக்கு எப்போதும் இனிமையாயிருக்கிறது. தமிழனுக்குப் புரிய வேண்டுமே! காற்றை அடிக்கிற வீண் சிலம்பம் தம்முடையதல்ல என்கிறார் பவுல். நடவாத சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வது காற்றை அடிப்பதல்லாமல் வேறென்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துத் திண்ணையோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டைசன் பக்கத்தாரிடம் ஒரு கூர்மையான வாதம் இருக்கிறது. அலியைக் கடைசியாக வென்றவர்கள் இருவர். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். பதினோராம் சுற்றுக்கு அலியின் பயிற்சியாளர் அவரை எழவிடவில்லை. அடுத்த ஆண்டு பஹாமாவில் டிரெவர் பெர்பிக் புள்ளிக்கணக்கில் வென்றார். இந்த இருவரையுமே டைசன் வீழ்த்தினார். 1986 நவம்பர் 22 அன்று பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் சாய்த்து, 20 வயதிலேயே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1988 ஜனவரியில் ஹோம்ஸை நான்காம் சுற்றில் கிடத்தினார். அன்று அலியும் அரங்கில் இருந்தார். அலி ஹோம்ஸிடம் தோற்றபோது தமக்கு 14 வயது என்றும், மறுநாள் தொலைபேசியில் அலியிடம், நான் வளர்ந்து அவனுக்குத் திருப்பிக் கொடுப்பேன் என்று வாக்களித்ததாகவும் டைசன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அலியை வென்றவர்களை வென்றவன் அலியை வெல்லமாட்டானா என்பதே அவர்கள் கணக்கு.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. ஏழாண்டு கழித்து டைசனிடம் விழுந்தபோது ஹோம்ஸுக்கும் வயது அதே 38. ஆகையால் அந்த இரண்டு இரவுகளிலும் வென்றது யார் என்று கேட்டால், முதுமை என்பேன். டைசனின் குறையை 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் ஜேம்ஸ் டக்ளஸ் காட்டிக்கொடுத்தார். உயரமானவர், நீண்ட கை, அஞ்சாத நெஞ்சு. இடக்கையை நேராக நீட்டிக்கொண்டே டைசனை எட்டவிடாமல் நிறுத்தி, பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த இடக்கைக் குத்தில் அலிக்கு நிகர் யார்? மறுபக்கம், 1971இல் ஜோ ஃபிரேசியர் குனிந்து உட்புகுந்து வீசிய இடக்கைக் கொக்கிக் குத்து பதினைந்தாம் சுற்றில் அலியைத் தரையில் உட்காரவைத்தது; டைசனும் குனிந்து உட்புகுகிறவரே. என்னைக் கேட்டால், முதல் ஆறு சுற்றுகளைத் தாண்டிவிட்டால் அலி, தாண்டாவிட்டால் டைசன். தாண்டுவார் என்பதே என் எண்ணம். இதைச் சொன்ன அன்று வாலிபரில் பாதிப்பேர் என்னோடு பேசவில்லை.

சம்பந்தப்பட்ட இருவரும் என்ன சொன்னார்கள் என்பது நல்லவேளையாகப் பதிவாகியிருக்கிறது. 1989இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அலியும் டைசனும் சேர்ந்து அமர்ந்திருந்தார்கள். அதே கேள்வி எழுந்தது. தாம் வேகமுள்ளவரே தவிர அத்தனை பலமுள்ளவர் அல்லர் என்று அலி சொல்லி, டைசனின் குத்து பட்டால் என்ன ஆகும் என்பதைத் தூங்கி விழுகிறவர்போல் தலையைச் சாய்த்துக் காட்டினார். டைசனோ, எல்லாத் தலைகளும் பணிந்து எல்லா நாவுகளும் அறிக்கையிடவேண்டும், இவரே எக்காலத்திலும் பெரியவர் என்ற கருத்தில் பேசினார். பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் தெரிந்த எவருக்கும் அந்தச் சொற்கள் யாருக்குரியவை என்று தெரியும். அவற்றை ஒரு மனிதன்மேல் சாத்துவது எனக்கு நெருடுகிறது. ஆயினும் தங்களில் எவன் பெரியவன் என்று வழியெல்லாம் வாதாடிவிட்டு, கப்பர்நகூமில் ஆண்டவர் கேட்டபோது வாயடைத்து நின்ற சீஷரைவிட இந்த இரண்டு குத்துச்சண்டைக்காரரும் அன்று மேலாகவே நடந்துகொண்டார்கள்.

இந்த வழக்கில் ஒருவரும் எண்ணிப்பாராத ஒன்று உண்டு. அலி 25ஆம் வயதில் நிறுத்தப்பட்டு 28ஆம் வயதில் திரும்பி வந்தார். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்ததால் 1967இல் பட்டமும் உரிமமும் பறிபோயின. 1970 அக்டோபரில்தான் மறுபடியும் ஏறினார். டைசனும் 25ஆம் வயதில் உள்ளே போய் 28ஆம் வயதில் வெளியே வந்தார். 1992இல் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. காரணங்கள் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்லவந்தது வேறு. உடல் முழு வலிமைக்கு வருகிற அந்த மூன்று ஆண்டுகளில் இருவருமே களத்தில் இல்லை. அப்படியானால் நல்ல பருவத்து அலி, நல்ல பருவத்து டைசன் என்று நாம் மோதவிடுகிறோமே, அவர்களை யார் கண்டது?

காணாததைக் காட்டுவதற்கு மனிதர் முயன்றதும் உண்டு. தடைக்காலத்தில் இருந்த அலியையும், 49 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும் 1969இல் ஒரு கூடத்துக்குள் வைத்து, ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பலவற்றை நடிக்கச்செய்து படம் பிடித்தார்கள். முடிவைக் கணினி சொல்லும் என்று விளம்பரம். படம் திரைக்கு வருமுன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். பார்க்கிறவர் எந்தக் கரையில் இருக்கிறாரோ அதற்கேற்ற முடிவு! எங்கள் தாழ்வாரத்திலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு மாலை இந்த வழக்குக்குள் எதிர்பாராத ஒருவர் வந்தார். எங்கள் சபையின் முதியவர். இளமையில் இங்கிருந்து சென்னைக்குப் புளி ஏற்றிச்சென்ற லாரியில் கிளீனராக இருந்தவர். பேரனை அழைத்துப்போக வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கேட்டார். பிறகு, "அலியை நான் பார்த்திருக்கேன்" என்றார்.

உண்மைதான். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நடந்தது அது. எல்லிஸ் அலியின் பால்யகாலத் தோழர், அதே லூயிவில் நகரத்தார். ஒரு போதகரின் மகன். அவரும் ஒருகாலத்தில் சாம்பியனாக இருந்தவர். பயிற்சியில் பட்ட காயத்தால் ஒரு கண் பழுதாகி 1975இலேயே ஒதுங்கியிருந்தார். அப்படிப்பட்ட இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் அதிகம் நோகாமல் தொட்டுக்கொண்டதைத்தான் அன்று சென்னை பார்த்தது. எங்கள் முதியவர் வெகுதூரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார்.

அலியைக் கண்ணால் கண்டவர் அலியின் பக்கம் பேசுவார் என்றே வாலிபர் எதிர்பார்த்தார்கள். அவரோ, "டைசன்தான். நாலு ரவுண்டு தாங்காது" என்றார். ஆள் பருத்திருந்தார், கால் தூக்கி வைக்கவே யோசித்தார், எல்லிஸ் வீசினதுகூட முகத்துக்குக் கிட்டே வந்தது என்று தாம் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார். பேரனுக்குப் பொறுக்கவில்லை. 1966ஆம் ஆண்டுப் படங்களைக் கைபேசியில் மனப்பாடமாகப் பார்த்து வைத்திருப்பவன் அவன். "தாத்தா, நீங்க பார்த்தது அலியே இல்ல. அதுக்குள்ள அலி முடிஞ்சுபோச்சு" என்றான்.

பெரியவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப நான் பார்த்தது யாருடா?" என்று கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் தம் வலக்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக அவருக்குக் கை நடுக்கம். தர்மபுரியில் மருத்துவர் நடுக்குவாதம் என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். ஒரு திருவிருந்து ஞாயிறன்று பாத்திரம் அவர் கையில் தளும்பி, பீடத்து வெள்ளைத் துணியில் சிந்தியது. சிறுபிள்ளைகள் இருவர் சிரித்தார்கள், பிள்ளைகள்தானே. அதற்குப் பிறகு திருவிருந்து நாள்களில் அவர் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்பார்.

அலிக்கும் இதே வியாதிதான் என்று மருத்துவர் 1984இல் சொன்னார்கள். எல்லிஸ் கடைசி ஆண்டுகளில் நினைவிழந்து 2014இல் மரித்தார். அலி 2016 ஜூன் 3 அன்று மரித்தார். வாலிபர் வைக்கும் போட்டியில் இந்த ஆண்டுகளுக்கெல்லாம் இடமில்லை. 25 வயதுக் கால்களையும் வேகத்தையும் மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு, மிச்சமான மனிதனை வெளியே நிறுத்திவிடுகிறது அந்தப் போட்டி.

நம் ஊர் அப்படிச் செய்யவில்லையே என்று அன்றிரவு எண்ணினேன். பாப்பாரப்பட்டியில் நினைவிடம் கொண்டிருக்கிற சுப்பிரமணிய சிவா, வ.உ.சி.யோடு தூத்துக்குடியில் முழங்கிய காலத்தில் இங்கே இல்லை. சிறையில் பற்றிய தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாதென்ற தடையோடு, நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றவர் பிற்பாடு இங்கே வந்தார். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண்மூடினார். இவ்வூரார் கண்டது நோயுண்ட சிவாவைத்தான். அவர்களில் ஒருவரும் அது சிவாவே அல்ல என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

மறுவாரம் பேரன் தானாகவே வேறொரு படத்தைத் தேடியெடுத்துத் தாத்தாவிடம் காட்டினான். 1996 ஜூலை 19, அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்கவிழா. 54 வயது அலி, வலக்கையில் தீப்பந்தம், இடக்கை கட்டுக்கடங்காமல் ஆடுகிறது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் கையை மறைக்கவில்லை. தீ பற்றிக்கொள்ளும்வரை நின்றார். பெரியவர் அதை இரண்டுமுறை போடச்சொல்லிப் பார்த்ததாகவும், ஒன்றும் சொல்லவில்லை என்றும் பையன் என்னிடம் சொன்னான். டைசன் என்ற தம் தீர்ப்பை மட்டும் அவர் இன்னும் மாற்றவில்லையாம்.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பாத்திரத்தைப் பாதியளவே நிரப்பும்படி மூப்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பேரன் பக்கத்தில் நின்று முழங்கையைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. நேற்று அந்தி நேரத்தில் பெரியவரிடமிருந்து ஆள் வந்தது: பையன் பிடிக்கவேண்டியதில்லை, பாத்திரத்தைத் தாமே பிடித்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.