எத்தனை கோப்பை உடைந்தது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கதை. ஒரு பையனை அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். அவன் ஓடிவந்து கதவைத் தள்ளுகிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு தட்டு, அதில் 15 கோப்பைகள். அவனுக்கு அது தெரியாது. அத்தனையும் உடைந்துவிடுகின்றன. இன்னொரு பையன், அம்மா வெளியே போன நேரம் பார்த்து, அலமாரியில் இருக்கும் ஜாமை எடுக்க நாற்காலி போட்டு ஏறுகிறான். கை பட்டு ஒரு கோப்பை உடைகிறது. இருவரில் யார் செய்தது பெரிய தப்பு?

கேட்டவர் ழான் பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரர். என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்குக் கல்வி உளவியல் பாடத்தில் வந்த பெயர் நினைவிருக்கும். 1932-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. 6, 7 வயதுப் பிள்ளைகள் பலர், 15 உடைத்தவன்தான் பெரிய தப்பு செய்தவன் என்றார்கள். 9, 10 வயதை நெருங்கியவர்கள், திருட்டுத்தனமாக ஏறியவன்தான் என்றார்கள்.

நானும் இதை வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில், "பதினஞ்சு உடைஞ்சிருக்கே டீச்சர்!" என்று கையை விரிப்பார்கள். ஐந்தாம் வகுப்பில், "அவன் வேணும்னு செய்யலையே" என்பார்கள். உங்களில் சிலரும் அப்படிப் பதில் சொன்னவர்கள்தான்.

சரி, சின்னப் பிள்ளை ஏன் கோப்பையை எண்ணுகிறது? வயது ஒரு காரணம். பெரியவர்கள் கட்டாயப்படுத்தி வளர்ப்பதும் ஒரு காரணம் என்றார் பியாஜே. நம் வீட்டையே பாருங்கள். பிள்ளை கை தவறிச் செல்போனைக் கீழே போட்டுவிட்டால் வீடே அதிர்கிறது. அதே பிள்ளை வேண்டுமென்றே பக்கத்து வீட்டுப் பாப்பா கட்டிய மணல் வீட்டைக் காலால் எத்தினால், "சின்னப்பிள்ளைதானே" என்று விட்டுவிடுகிறோம். தப்பின் அளவு பொருளின் விலை என்று பிள்ளை கற்றுக்கொள்வது இப்படித்தான்.

பிற்கால ஆய்வாளர்கள் பியாஜேயைத் திருத்தவும் செய்தார்கள். அவர் கதையில் நோக்கமும் சேதமும் கலந்து கிடக்கின்றன. ஒருவன் என்ன நினைத்துச் செய்தான் என்பதைப் படம் போட்டுத் தெளிவாகக் காட்டினால், 3 வயதுப் பிள்ளையும் நோக்கத்தைக் கணக்கில் எடுக்கிறது என்று 1980-இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு ஜூடித் ஸ்மெட்டானா பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார். பொம்மையை அதனதன் இடத்தில் வைக்காததைவிட, இன்னொரு பிள்ளையை அடிப்பதுதான் மோசம் என்றார்கள். 'அடிக்கக் கூடாது' என்று பள்ளியில் சட்டமே இல்லாவிட்டாலும் அடிப்பது தப்புதான் என்றார்கள். நியாய உணர்வின் விதை அந்த வயதிலேயே இருக்கிறது. அதை எந்தத் தராசில் நிறுப்பது என்பதைத்தான் நம்மைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம். நாலரை வயது மகன் வகுப்பிலிருந்து இன்னொரு பிள்ளையின் ரப்பரைக் கொண்டுவந்துவிட்டான். பச்சை நிறம், பழ வாசனை. பாட்டி, "இப்பவே திருடுறான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் 'திருட்டுப் பய' என்பது வேடிக்கைப் பெயராகிவிட்டது. "மூணு நாளா பாட்டி பக்கத்துலயே போக மாட்டேங்கிறான் டீச்சர். என் பிள்ளை கெட்டவனா?" என்று அழுதாள்.

"ரப்பரை எப்படிக் கொண்டுவந்தான்?" என்று கேட்டேன். வாசலிலேயே எல்லோரிடமும் காட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னானாம். ஒளித்து வைக்கவில்லை.

எடுத்தது தப்புதான். அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்தப் பிள்ளை தேடியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும் என்றேன். மறுநாள் கொடுத்துவிட்டான். ஆனால் அந்த வீட்டில் நடந்ததை மட்டும் பார்த்து, மனதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது யார்? பெரியவர்கள். பியாஜேயிடம் 15 கோப்பையை எண்ணிய பிள்ளைகள் நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள். ரப்பர் ஒரு நாளில் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பெயரைத் திருப்பி வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பியாஜே சிறுவர்கள் கோலி விளையாடுவதைப் பார்த்தார். பெரியவர் உத்தரவைவிட, சமமானவர்களோடு பேசி விதி வகுப்பதில்தான் நியாயம் முதிர்கிறது என்றார். நம் தெருவிலும் அதுதான் நடந்தது. சா பூ த்ரீ போட்டுப் பிரிவார்கள். அழுகுணி ஆட்டம் ஆடுபவனை மறுநாள் சேர்க்க மாட்டார்கள். ஓட முடியாத குட்டித் தம்பி வந்து நின்றால், 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. எளியவனுக்கு விதியைத் தளர்த்த வேண்டும் என்று அவர்களுக்கு எந்த டீச்சரும் பாடம் நடத்தவில்லை. அந்த விளையாட்டு நேரத்தைப் பிடுங்கி டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஏதாவது உடைந்தால், "யார் உடைச்சது?" என்று தொடங்காமல், "என்ன ஆச்சு, சொல்லு" என்று தொடங்குங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பிள்ளை சொல்வதைக் கேட்ட பிறகு கண்டித்தாலும், எதற்காக என்று அதற்குப் புரியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கோப்பைக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வயதையும், சொன்ன பதிலையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்