பித்தளை பளிச்சுன்னு தெரியும் வரை

ஞாயிறு சேவை முடிஞ்சதும் நாங்க நாலு பேர் லேத்துல மரப்பேனா கடையுறது உங்கள்ல பலருக்குத் தெரியும். இந்த வாரம் கையில இருந்தது நண்பரோட தாத்தா வீட்டு மெர்பாவ் கதவு நிலை. ரெண்டு பேனாவுக்குத்தான் கட்டை தேறுச்சு.

துளை போட்டு பித்தளைக் குழாயை ஒட்டினதும், கட்டையின் முனைகளைத் துளைக்குச் சரியா 90 பாகையில சமன் செய்யணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் பூட்டும்போது மூட்டுல இடைவெளி தெரியும்.

இதுக்கு பேரல் டிரிம்மர்னு ஒண்ணு இருக்கு. தண்டு குழாய்க்குள்ள போகும், மேல இருக்கிற பற்கள் முனையைச் சீவும். வேகமான வேலைதான். ஆனா குழாய்க்குள்ள பசை காய்ஞ்சிருந்தா தண்டு நேரா நிக்காது. பல் மழுங்கியிருந்தா மரத்தைப் பிய்ச்சுடும். வேற மரம்னா போய் வாங்கிக்கலாம், இந்த நிலைக்கு எங்க போறது?

அதனால லேத்துல மணல்தாள் வட்டை மாட்டி, எதிர்ப்பக்கம் பிடிச்ச தண்டுல கட்டையைக் கோத்து, மெதுவா தேய்ச்சோம். பித்தளை வளையம் பளிச்சுன்னு தெரிஞ்சதும் நிறுத்திடணும். மேல தேய்ச்சா குழாய் குட்டையாகி, திருகினாலும் ரீஃபில் முனை உள்ள போகாது.

எட்டு முனைக்கும் மதியம் முழுக்க ஆச்சு. "டிரிம்மரை எடுங்கப்பா"ன்னு அண்ணன் ஒருத்தர் முணுமுணுத்துட்டே இருந்தார். முதல் பேனா இப்போ பாட்டி கையில.